ரூட்டர் பிட்டை அளவாக வைத்து மர மூட்டு வெட்டுவது எப்படி

பிட் என்ற வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றி மரத்தைக் குடையும் மெஷின்தான் ரூட்டர். பலகையின் ஓரத்தை அதில் வளைவாக உருட்டுவதற்குப் பெரிய துல்லியம் தேவையில்லை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. மூட்டு அப்படியில்லை. காடி, அதாவது பலகையைச் செருக வெட்டும் நீளப் பள்ளம், 0.2 மி.மீ. குறுகினால் பலகை உள்ளே போக மறுக்கும். 0.2 மி.மீ. அகன்றால் லொடலொடவென்று ஆடும், பசையும் சரியாகப் பிடிக்காது. கை நடுங்கியதால்தான் இப்படி ஆகிறது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கை காரணமில்லை. மெஷினை ஓட்டுவதற்கு முன்பே, பிட்டைப் பிடித்து, ஆழம் வைத்து, ஃபென்ஸை (வெட்டு நேராகப் போக வழிகாட்டும் தடுப்பு) நிறுத்தும் நேரத்திலேயே மூட்டின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது.

அதனால் வெட்டுவதைவிட, வெட்டுவதற்கு முந்தைய வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, ஒரு சின்ன டிரிம்மர் ரூட்டரை வைத்துப் பூசை மாடமோ புத்தக அலமாரியோ நவராத்திரிக்குக் கொலுப்படியோ செய்ய நினைப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயம் ஒன்றுதான்: பிட்டின் மேல் அச்சிட்ட எண்ணையோ ரூட்டரில் ஒட்டியிருக்கும் அளவுகோலையோ நம்பி வைக்காதீர்கள். கையில் இருக்கும் பலகையிலிருந்தே அளவு எடுங்கள்.

மெஷினும் பிட்டும் வாங்கும்போது

முதலில் மின்சாரம். இங்கே 230 வோல்ட், மூன்று சதுரக் கட்டை பிளக். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்காவின் 120 வோல்ட் மெஷினையோ ஜப்பானின் 100 வோல்ட் மெஷினையோ வாங்கி, பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

அடுத்தது காலெட். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் உறை அது. சின்ன டிரிம்மர்களில் 6 மி.மீ., 8 மி.மீ., கால் அங்குலம் ஆகிய அளவுகள் வரும். பெரிய ரூட்டர்களில் 12 மி.மீ. அல்லது அரை அங்குலம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கண்ணால் பார்த்தால் 6 மி.மீ. தண்டுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் காலெட்டில் வைத்து எவ்வளவு முறுக்கினாலும் பிடி முழுதாகக் கிடைக்காது. ஓடும்போது நழுவும், சில நேரம் பறந்தே போகும். அரை அங்குலம் 12.7 மி.மீ., அதனால் 12 மி.மீ. தண்டுக்கும் இதே கதைதான். சிங்கப்பூர்க் கடைகளில் மில்லிமீட்டர், அங்குலம் ஆகிய இரண்டு வகை அளவுகளும் பக்கத்துப் பக்கத்துக் கொக்கிகளில் தொங்கும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போனால், உங்கள் காலெட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே செருகிப் பார்த்து வாங்கலாம்.

முப்பது பிட் அடங்கிய மரப்பெட்டி செட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதில் பாதியை ஒருபோதும் தொடமாட்டீர்கள். மூட்டுக்கு நாலே பிட் போதும்: 6 மி.மீ. ஸ்பைரல் பிட் (வெட்டுவாய் சுருளாகச் சுற்றியது) ஒன்று, 12 மி.மீ. நேர்பிட் ஒன்று, மேலே பேரிங் வைத்த பேட்டர்ன் பிட் ஒன்று, கொஞ்ச நாள் கழித்துப் புறாவால் பிட் (நுனி புறாவின் வால்போல் விரிந்தது) ஒன்று. எல்லாமே கார்பைடு முனையாக இருக்கட்டும். பிளைவுட்டில் உள்ள பசையும் தேக்கில் உள்ள சிலிக்காவும் சாதாரண எஃகு முனையைச் சீக்கிரமே மழுங்கடித்துவிடும். தண்டில் 8 மி.மீ. கிடைத்தால் 6 மி.மீ.க்குப் பதில் அதையே எடுங்கள். தடித்த தண்டு வளையாது. தண்டு வளையாவிட்டால் காடி நேராக வரும்.

இத்துடன் தடிமனையும் அகலத்தையும் நுட்பமாக அளக்க ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். இது இல்லாமல் இந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கும் பலவற்றைச் செய்ய முடியாது.

வீட்டில் வேலை செய்வதென்றால்

வீவக வீடுகளில் சீரமைப்பு வேலையின் இரைச்சல் மிகுந்த பகுதிகளை வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கூடாது. நம் ரூட்டரும் அந்த நேரத்தையே பின்பற்றட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கலாம். வாசலுக்கு வெளியே உள்ள பொது நடைபாதையில் மேசை போட்டு வெட்டாதீர்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் தரும் தச்சுக்கூடங்களும் உண்டு. பெரிய வேலைக்கு அங்கே போவதே எல்லாருக்கும் நிம்மதி.

காதடைப்பானும் கண்ணாடியும் கட்டாயம். முகக்கவசத்தையும் விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் ஒன்றாக வகைப்படுத்தியிருக்கிறது. ரூட்டர் கிளப்புவது மிக நுண்ணிய தூள். வீட்டில் இருக்கும் வேக்குவம் கிளீனரை இணைத்தாலே பாதிக்கு மேல் அடங்கும், மீதிக்கு என்95.

பிட்டைக் காலெட்டில் பிடிப்பது

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் வெளியே இருக்க வேண்டும்.

காலெட்டைக் கழற்றி உள்ளே ஊதுங்கள், பழைய பல்துலக்கியால் தேயுங்கள். உள்ளே ஒரு சிட்டிகைத் தூள் ஒட்டியிருந்தாலும் பிட் சாய்ந்து உட்காரும். சாய்ந்த பிட் சுற்றும்போது வட்டம் பெரிதாகி, 6 மி.மீ. பிட் 6.2 மி.மீ. காடியை வெட்டும். தண்டையும் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நழுவும்.

பிட்டைக் கடைசிவரை உள்ளே தள்ளுங்கள். அப்புறம் 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்துவிட்டு நட்டை இறுக்குங்கள். இது ஏன் என்று பலரும் சொல்லித்தருவதில்லை. நட்டை முறுக்கும்போது காலெட் பிட்டைத் தன்னோடு சேர்த்துக் கீழே இழுக்கும். பிட் ஏற்கெனவே அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இழுபட இடமில்லை. நட்டு இறுகியதுபோல் கைக்குத் தெரியும், பிடி இறுகியிருக்காது. வெட்டும்போது அந்தப் பிட் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்து வரும். முதல் அடியில் 6 மி.மீ. ஆழமாக இருந்த காடி கடைசி அடியில் 7 மி.மீ. ஆவது இப்படித்தான். தூளை மேலே தள்ளும் ஸ்பைரல் பிட்டுக்கு இந்த ஊர்கிற குணம் இன்னும் அதிகம், ஏனென்றால் வெட்டும் விசையே அதைக் காலெட்டிலிருந்து வெளியே இழுக்கிறது.

தண்டின் முக்கால் பங்காவது காலெட்டுக்குள் இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று பிட்டை வெளியே நீட்டி வைப்பது ஆபத்து. நீளமான பிட்டை வாங்குங்கள். தண்டு முடிந்து வெட்டுவாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வளைவு இருக்கும், அதைக் காலெட் கவ்வக் கூடாது. பிட் இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கவும் கூடாது. அது நசுங்கி உருவம் கெட்டுவிடும்.

பொருத்தியதும் ஒரு கழிவுத் துண்டில் ஒரு காடி ஓட்டுங்கள். காலிப்பரால் அகலத்தை அளந்து, துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். இனி உங்கள் பிட்டின் அகலம் அந்த எண்தான். பாக்கெட்டில் 12 என்று போட்டிருந்து காடி 11.9 வந்தால், எல்லாக் கணக்கையும் 11.9இல் போடுங்கள்.

ஆழம் வைப்பது

ரூட்டரின் பக்கத்தில் உள்ள அளவுகோலில் கோடுகள் ஒரு மி.மீ. இடைவெளியில் இருக்கும், முள்ளே அரை மி.மீ. தடிமனில் இருக்கும். அதைப் பார்த்து மூட்டுக்கு ஆழம் வைக்க முடியாது. இப்படிச் செய்யுங்கள்:

1. ரூட்டரைப் பலகையின் மேலேயே நிறுத்துங்கள். பிட்டைத் தாழ்த்தி, அதன் நுனி மரத்தை மெல்லத் தொட்டதும் பூட்டுங்கள். இதுதான் பூச்சியம்.
2. ஆழக்கோலுக்கும் அது வந்து இடிக்கும் தடுப்புத் திருகுக்கும் இடையில், உங்களுக்கு வேண்டிய ஆழத்துக்குச் சமமான தடிமனுள்ள ஒரு பொருளை வையுங்கள்.
3. ஆழக்கோலை அதன் மேல் உட்காரவிட்டு இறுக்குங்கள். இடையில் வைத்ததை எடுத்துவிடுங்கள். இப்போது பிட் அந்தத் தடிமன் அளவுக்கு மட்டுமே இறங்கும்.

இடையில் வைக்க விலையுயர்ந்த பித்தளைக் கட்டைகள் கிடைக்கின்றன. துளை போடும் டிரில் பிட்டின் தண்டும் அதே வேலையைச் செய்யும். 6 மி.மீ. ஆழத்துக்கு 6 மி.மீ. டிரில் பிட். ஆனால் காலிப்பரில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், சில தண்டுகள் நூலளவு மெலிந்திருக்கும். மூட்டில் எதிரே வந்து சேரும் பலகையின் தடிமன்தான் ஆழம் என்றால், டிரில் பிட்டும் வேண்டாம், காலிப்பரும் வேண்டாம். அந்தப் பலகையிலிருந்து வெட்டிய துண்டையே இடையில் வையுங்கள். எண் என்ன என்று தெரியவே வேண்டியதில்லை.

நூலளவு திருத்தத்துக்குக் காகிதம். அலுவலகத்தில் பயன்படுத்தும் சாதாரண ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். தடுப்புக்கு அடியில் ஒரு தாள் சேர்த்தால் ஆழம் 0.1 மி.மீ. கூடும் அல்லது குறையும், நீங்கள் வைக்கும் இடத்தைப் பொறுத்து. கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்புவதைவிட இது நம்பகமானது.

பிளஞ்ச் வசதி, அதாவது மோட்டாரை அழுத்திக் கீழே இறக்கும் அமைப்பு, இல்லாத டிரிம்மரில் ஆழக்கோல் இருக்காது. அதற்கு, தேவையான தடிமனுள்ள இரண்டு துண்டுகளின் மேல் ரூட்டரின் அடித்தட்டை நிறுத்தி, நடு இடைவெளியில் பிட்டின் நுனி மேசையைத் தொடும்வரை இறக்கிப் பூட்டலாம். மேசையில் தலைகீழாகப் பொருத்திய ரூட்டராக இருந்தால் கடைசி அசைவு எப்போதும் மேல்நோக்கி இருக்கட்டும். உயரம் கூடிவிட்டால் கொஞ்சம் அதிகமாகவே கீழே இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக ஒதுங்கும். இல்லையென்றால் ஓடும் அதிர்வில் பிட் தானாகத் தாழும்.

ஒரே மூச்சில் முழு ஆழத்தையும் வெட்டாதீர்கள். ஒரு ஓட்டத்துக்குப் பிட் விட்டத்தில் பாதி என்பது நல்ல அளவு: 6 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ. செங்கால், பாலாவ் போன்ற கெட்டி மரத்தில் அதற்கும் குறைவாக.

ஃபென்ஸ், நேர்ப்பட்டி, ரூட்டரின் அடித்தட்டு

கையில் பிடித்து ஓட்டும்போது ஒரு நேர்ப்பட்டியைக் கிளாம்ப் போட்டு, ரூட்டரின் அடித்தட்டை அதில் உரசவிட்டு ஓட்டுவோம். அடித்தட்டின் ஓரத்திலிருந்து பிட் எவ்வளவு தூரம் என்று அளந்து பட்டியை வைப்பது வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வட்டமான அடித்தட்டின் நட்டநடுவில் பிட் இருப்பது அபூர்வம். ஓட்டும்போது ரூட்டர் கையில் கொஞ்சம் திரும்பினால் அந்தத் தூரம் மாறிக் காடி வளைந்து போகும். அடித்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் புள்ளியே பட்டியைத் தொடும்படி ஓட்டுங்கள். டிரிம்மரின் அடித்தட்டில் நேரான பக்கம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ரூட்டர் மேசையின் ஃபென்ஸைப் பற்றி ஒரு மகிழ்ச்சியான செய்தி: அது எதற்கும் இணையாக இருக்க வேண்டியதில்லை. பிட் வட்டமானது, ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும் பிட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் மட்டுமே கணக்கு. அதனால் ஒரு முனையை இறுக்கிவிட்டு மறுமுனையை மட்டும் தட்டி நகர்த்தலாம். பிட் நடுவில் இருந்தால் முனை 0.2 மி.மீ. நகரும்போது பிட் அருகே 0.1 மி.மீ. மட்டுமே நகரும். நுண்ணிய திருத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. மேசையில் மைட்டர் காடியையும் (பலகையைப் பிடித்துத் தள்ளும் வழிகாட்டி சறுக்கிப் போக மேசையில் உள்ள பள்ளம்) சேர்த்துப் பயன்படுத்தும்போது மட்டும் இது செல்லாது, அப்போது இரண்டும் இணையாக இருக்க வேண்டும்.

வேகமும் திசையும்

விட்டம் பெரிதானால் சுற்றைக் குறையுங்கள். 25 மி.மீ. வரையான பிட்டுக்கு நிமிடத்துக்கு 24,000 சுற்று ஆகும். 50 மி.மீ. நெருங்கும்போது 18,000, அதற்கும் மேலே 16,000, இன்னும் பெரியவற்றுக்கு 12,000 அல்லது அதற்கும் கீழே. பிட்டின் உறையில் உச்ச வேகம் அச்சிட்டிருந்தால் அதுவே முடிவு. 50 மி.மீ. பிட்டை 24,000இல் ஓட்டினால் அதன் ஓரம் மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் போகும். சில டிரிம்மர்களுக்கு 30,000 என்ற ஒரே வேகம்தான். அவற்றில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது. மரம் கருகினால் மெஷினை மெல்லத் தள்ளுகிறீர்கள் அல்லது முனை மழுங்கிவிட்டது என்று பொருள்.

திசை விஷயத்தில் விளையாட்டு கிடையாது. கையில் பிடித்த ரூட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். உங்களிடமிருந்து முன்னே தள்ளும்போது அது இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். அதனால் நேர்ப்பட்டி இடப்பக்கம் இருக்க வேண்டும். ஒதுங்கும் விசையே ரூட்டரைப் பட்டியோடு அழுத்திப் பிடிக்கும். பட்டியை வலப்பக்கம் வைத்தால் ரூட்டர் பட்டியை விட்டு விலகிக் காடியைக் கெடுக்கும். பலகையின் வெளி ஓரங்களைச் சுற்றி வெட்டும்போது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று, சட்டத்தின் உள் ஓரங்களில் கடிகாரச் சுற்று. ரூட்டர் மேசையில் பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் பலகை மாட்டிக்கொள்ளும்படி ஒருநாளும் வைக்காதீர்கள். பிட் அதைக் கையிலிருந்து பிடுங்கி எறியும், விரலையும் சேர்த்து இழுக்கும்.

முதல் மூட்டு: அலமாரித் தட்டுக்குக் காடி

கொலுப்படிக்கும் புத்தக அலமாரிக்கும் இதுதான் அடிப்படை. பக்கப் பலகையில் காடி எடுத்து அதில் தட்டைச் செருகுவது. 18 மி.மீ. பலகையில் ஆழம் 6 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்கு, போதும்.

18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் அளந்தால் 17.5 அளவில்தான் பெரும்பாலும் நிற்கும். 18 மி.மீ. பிட்டில் வெட்டினால் தட்டு ஆடும். ஆகவே பேட்டர்ன் பிட்டை எடுங்கள். வெட்டுவாயின் விட்டமும் பேரிங்கின் விட்டமும் அதில் ஒன்றே.

காடி வரவேண்டிய இடத்தில் 18 மி.மீ. தடிமனுள்ள நேர்ப்பட்டி ஒன்றை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாகக் கிளாம்ப் போடுங்கள். அதை ஒட்டித் தட்டுப் பலகையின் துண்டு ஒன்றை நிற்க வையுங்கள். அந்தத் துண்டின் மறுபக்கத்தை ஒட்டி இரண்டாவது பட்டியை அணைத்துக் கிளாம்ப் போடுங்கள். துண்டை உருவிவிட்டால், பட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தட்டின் தடிமனுக்கு மிகச் சரியாகச் சமம். இப்போது 12 மி.மீ. பேட்டர்ன் பிட்டை, இடப்பக்கப் பட்டியை ஒட்டி முன்னே தள்ளி, வலப்பக்கப் பட்டியை ஒட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் ஓட்டம் 3 மி.மீ., அடுத்தது 6 மி.மீ. முதல் ஓட்டத்திலேயே பேரிங் பட்டியைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவாய் 12 மி.மீ. நீளத்துக்குள் உள்ள குட்டைப் பிட்டாக இருந்தால் தொடும். நீளமானது என்றால் பட்டிகளைத் தடிமனாக்க வேண்டும்.

இந்த முறையில் எங்குமே அளவுகோல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதனால்தான் இது எனக்கு மிகவும் பிடித்த முறை.

பிளைவுட்டின் மேல்தோல் பிய்ந்து வரும். காடியின் இரண்டு ஓரங்களிலும் கூர்மையான கத்தியால் கோடு கீறிவிட்டு வெட்டினால் பிசிறு அடங்கும். பலகையின் கடைசி ஓரத்தில் பிட் வெளியே வரும் இடத்தில் ஒரு கழிவுப் பலகையை ஒட்டி நிறுத்துங்கள், சிராய் பிளக்காது.

துளையும் கழுந்தும்

பூசை மாடத்தின் கதவுச் சட்டத்துக்கு இது வேண்டும். ஒரு சட்டத்தில் துளை, மற்றதில் அதற்குள் போகும் கழுந்து. சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு துளையின் அகலம். 20 மி.மீ. சட்டத்துக்கு 6 மி.மீ. ஸ்பைரல் பிட் பொருந்தும்.

எப்போதும் துளையை முதலில் வெட்டுங்கள். துளையின் அகலத்தைப் பிட் முடிவு செய்கிறது, அதை நாம் மாற்ற முடியாது. கழுந்தை எவ்வளவு வேண்டுமானாலும் சீவிச் சரிசெய்யலாம். துளை நட்டநடுவில் வரவேண்டும் என்றால், ஒருமுறை ஓட்டியபின் சட்டத்தைத் திருப்பி, எதிர் முகத்தை ஃபென்ஸில் வைத்து இன்னொருமுறை ஓட்டுங்கள். நடுவை அளக்காமலே துளை நடுவுக்கு வந்துவிடும். ஃபென்ஸ் எவ்வளவு தள்ளியிருந்ததோ அதில் இரட்டிப்பு அகலம் கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கழுந்தை ரூட்டர் மேசையில் படுக்க வைத்து, இரண்டு முகங்களிலும் வெட்டுகிறோம். பிட்டின் உயரத்தை 0.1 மி.மீ. ஏற்றினால் கழுந்து 0.2 மி.மீ. மெலியும். புதியவர்களுக்குக் கழுந்து தளர்ந்து போவது பெரும்பாலும் இந்த இரட்டிப்பை மறப்பதால்தான். வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாகத் தொடங்கி, சோதனைத் துண்டில் வெட்டிச் செருகி, பாதியளவு பாதியளவாக ஏற்றுங்கள். கையால் தள்ளினால் உள்ளே போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் அது இறுக்கம் அதிகம். பசை தடவினால் மரம் ஊறி இன்னும் இறுகும். கழுந்தின் நீளம் துளையின் ஆழத்தைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்கட்டும், மிஞ்சும் பசை ஒதுங்க இடம் வேண்டும். ரூட்டர் துளையின் முனைகள் வட்டமாக இருக்கும். உளியால் சதுரமாக்கலாம் அல்லது கழுந்தின் ஓரங்களை அரத்தால் உருட்டலாம். உருட்டுவது சுலபம்.

விரல் மூட்டும் புறாவால் மூட்டும்

விரல் மூட்டுக்கு ரூட்டர் மேசையில் ஒரு சறுக்குப் பலகை செய்து, அதில் பிட்டின் அகலத்துக்குச் சமமான ஒரு சிறு மரச் சாவியைப் பொருத்துவார்கள். வெட்டிய பள்ளத்தைச் சாவியில் மாட்டி அடுத்த பள்ளத்தை வெட்ட வேண்டும். சாவிக்கும் பிட்டுக்கும் உள்ள இடைவெளிதான் விரலின் அகலம். மூட்டு இறுக்கமாக இருந்தால் சாவியைப் பிட்டின் பக்கம் நகர்த்துங்கள், தளர்வாக இருந்தால் விலக்குங்கள். உயரத்துக்கு எதிர்ப் பலகையையே பிட்டின் பக்கத்தில் வைத்து, விரலால் தடவிப் பார்த்து, ஒரு தாள் தடிமன் கூடுதலாக வையுங்கள். ஒட்டியபின் அந்தக் கூடுதலை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். குறைவாக வைத்தால் பலகை முழுவதையும் தேய்க்க வேண்டிவரும்.

புறாவால் மூட்டுக்குத் தயாராக விற்கும் ஜிக் (பலகையைப் பிடித்து, வெட்டுக்கு வழிகாட்டும் சட்டம்) வாங்குவீர்கள். அதன் டெம்ப்ளேட்டின் (பல் வைத்த அச்சுத் தகடு) பற்களுக்கு நடுவே கைடு புஷ் (பிட்டைச் சுற்றி அடித்தட்டில் மாட்டும் உலோக வளையம்) பொருத்திய ரூட்டரை ஓட்டுவதுதான் வேலை. புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால், டெம்ப்ளேட்டின் ஓரத்திலிருந்து வெட்டு எவ்வளவு தள்ளி விழும் என்று தெரியும். 16 மி.மீ. புஷ், 10 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. புறாவால் ஜிக்குக்குக் கையேட்டில் சொன்ன அதே புஷ், அதே பிட் வேண்டும். கோணம் மாறினால் மூட்டு சேராது.

இழுப்பறைக்குச் செய்யும் பாதி மறைந்த புறாவால் மூட்டில் இறுக்கத்தை முடிவு செய்வது பிட்டின் ஆழம் மட்டுமே. தளர்வாக இருந்தால் பிட்டை இன்னும் ஆழமாக இறக்குங்கள், இறுக்கமாக இருந்தால் ஏற்றுங்கள். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அடிப்பக்கம் விரிந்த பிட் ஆழமாக இறங்க இறங்க, வாலை ஆழமான இடத்தில் செதுக்குகிறது, அதனால் வாலின் மேற்பகுதி அகன்று நிற்கிறது; எதிரே உள்ள குழியின் அகலமோ பிட்டின் அகலம்தான், அது மாறுவதில்லை. பலகைகள் ஒன்றுக்கொன்று முன்பின் துருத்தினால் அது ஆழத்தின் குற்றமில்லை; டெம்ப்ளேட்டை முன்பின் நகர்த்தித் திருத்துங்கள்.

புறாவால் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெட்ட முடியாது. முதல் ஓட்டமே முழு ஆழம். அதன் கழுத்து மெலிந்தது, எனவே கெட்டி மரத்தில் முதலில் நேர்பிட்டால் நடுவைக் குடைந்து எடுத்துவிட்டுப் பிறகு புறாவால் பிட்டை ஓட்டுங்கள். முடித்ததும் ரூட்டரை மேலே தூக்காதீர்கள். தூக்கினால் மூட்டும் போச்சு, டெம்ப்ளேட்டும் போச்சு. மோட்டாரை அணைத்து, பிட் நின்றபின் பக்கவாட்டில் வெளியே இழுங்கள்.

நம் ஊர் ஈரம்

அளவெல்லாம் சரியாக வைத்து வெட்டி, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மூட்டு சேராத அனுபவம் சிங்கப்பூரில் நிறையப் பேருக்கு உண்டு. மழையில்லாத நாளில்கூட விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில் 60 விழுக்காட்டுக்கு இறங்கும். சுங்கை காடுட் மரக்கடையில் திறந்த கொட்டகையில் கிடந்த பலகைக்குள் ஏறத்தாழ 15 விழுக்காடு ஈரம் இருக்கலாம். அதைக் கொண்டுவந்து நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் 10, 11 விழுக்காட்டுக்கு இறங்கும். 5 விழுக்காட்டு ஈரம் குறைந்தால், தட்டையாக அறுத்த 100 மி.மீ. அகலத் தேக்குப் பலகை சுமார் 0.9 மி.மீ. சுருங்கும். தேக்கு அசைவு குறைந்த மரம், அதற்கே இப்படி. 0.1 மி.மீ.க்குத் தாள் வைத்துப் பட்ட பாடெல்லாம் இதில் அடிபட்டுப் போகும்.

சுருக்கம் அகலத்திலும் தடிமனிலும்தான், நீளவாக்கில் அநேகமாக இல்லை. பிளைவுட்டிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் முதல் வேலைக்கு நான் பிளைவுட்டையே சொல்வேன். நியாத்தோ, மெராந்தி, தேக்கு போன்ற கட்டி மரத்தில் செய்வதென்றால், பொருள் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையிலேயே பலகையை இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். அப்புறம் வெட்டுங்கள். ஒரு பெட்டியின் எல்லா மூட்டுகளையும் ஒரே நாளில் வெட்டி அன்றே ஒட்டிவிடுவது நல்லது. முடியாவிட்டால் வெட்டிய துண்டுகளைப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி வையுங்கள். சோதனைத் துண்டும் அதே பலகையிலிருந்து வந்ததாக இருக்கட்டும். வேறு பலகையின் துண்டில் சரியாக உட்கார்ந்த மூட்டு உங்கள் பலகையில் உட்காரும் என்று உறுதி இல்லை.

பிட்டைப் பார்த்துக்கொள்வது

வேலை முடிந்ததும் பிட்டைக் காலெட்டிலேயே விட்டுவிடாதீர்கள். இந்த ஈரத்தில் இரண்டும் துருவோடு ஒட்டிக்கொள்ளும். கழற்றி, பேரிங் இருந்தால் அதையும் தனியே எடுத்துவிட்டு, வெட்டுவாயில் பழுப்பாக ஒட்டியிருக்கும் மரப்பிசினைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். பேரிங்கை ஊறவைத்தால் அதற்குள் இருக்கும் கிரீஸ் போய்விடும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் அடித்தட்டில் இடம் ஒதுக்கலாம்.

முனை மழுங்கினால் கார்பைடின் தட்டையான முகத்தை மட்டும் வைரத் தகட்டில் தேயுங்கள், இரண்டு முகங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில். வெளிவளைவைத் தேய்த்தால் பிட்டின் விட்டமே மாறிவிடும். தீட்டிய பிறகு அகலம் நூலளவு குறைந்திருக்கும், கழிவுத் துண்டில் புதுக் காடி ஓட்டி எண்ணைத் திருத்தி எழுதுங்கள்.

காலெட்டும் தேய்கிற பொருள்தான். தண்டில் கறுப்பு வளையங்கள் விழுந்தாலோ, சுத்தம் செய்து வேறு பிட்டை மாட்டியும் காடி அகலமாகவே வந்தாலோ, புதுக் காலெட் வாங்க வேண்டும். ரூட்டரின் மாடல் எண்ணையும் தண்டு அளவையும் சொல்லிக் கேட்டால் அதை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.